கொடிக்கம்பால் அடித்த நாள்

கன்னியாகுமரியிலிருந்து டெல்லிக்கு மூன்று பேர் நடந்துகொண்டிருந்தோம். அணுகுண்டு வேண்டாம், சண்டை வேண்டாம் என்று ஊர் ஊராகச் சொல்லிப் போகும் நடை. முன்னால் நாகர்கோவில் நர்ஸ் அக்கா. நடையைத் தொடங்கியதே அவர்தான். அடுத்து ஓய்வுபெற்ற டிராயிங் வாத்தியார். வெள்ளைக் கொடி கட்டிய மூங்கில் கம்போடு கடைசியில் நான்.

நாற்பத்து மூன்றாம் நாள் என் ஊரான ராயபுரத்திலிருந்து கிளம்பினோம். வடக்கே போக வேறு நேர்ச்சாலை இருந்தது. திருவொற்றியூர், எண்ணூர் வழியாகப் போகலாம் என்று அடம்பிடித்தது நான்தான். அந்தப் பக்கம் குடியிருந்த, துறைமுகத்தில் என்னோடு வேலை பார்த்தவர்கள் என்னைக் கொடியும் கையுமாகப் பார்க்கட்டும் என்ற ஆசை. காசிமேட்டில் மீன்காரப் பெண்கள் கூடையை இறக்கிவைத்துவிட்டுச் சிரித்தார்கள். “டில்லிக்கா? ஏன் நைனா, ரயிலு ஓடலியா?”

திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலை வாசலில் மூன்று வாரமாக ஸ்டிரைக். நாங்கள் அதைத் தாண்டும்போது ஒரு லாரி வந்து நின்றது. நிர்வாகம் வெளியிலிருந்து கூட்டிவந்த ஆட்கள் இரும்புக் கம்பிகளோடு குதித்தார்கள். ஸ்டிரைக் செய்தவர்கள் ரயில் பாதை ஜல்லியை அள்ளி வீசினார்கள். ஒருவன் காது கிழிந்து தொங்க எங்களைத் தள்ளிவிட்டு ஓடினான். வாத்தியார் இரண்டு கைகளையும் தூக்கியபடி, “ஐயா, ஐயா” என்று நடுவில் போனார். ஒரு கம்பி அவர் தோளில் இறங்கியது. அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

கொடிக்கம்பைத் திருப்பிப் பிடித்து, அவரை அடித்தவனின் முழங்கையில் போட்டேன். அவன் கம்பி கீழே விழுந்தது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். முதுகில் போட்டேன். அவன் விழுந்தான். விழுந்தவனையும் அடித்தேன்.

“போடு மாமு! இன்னும் நாலு போடு!” என்று ஸ்டிரைக்காரர்கள் கத்தினார்கள். அந்தக் குரல்கள் எனக்குப் பிடித்திருந்தன. மூங்கில் பிளந்த பிறகும் அடித்தேன்.

“விடு மக்கா, ஆளு விழுந்தாச்சு!” என்று கத்திய அக்கா, என் மணிக்கட்டைப் பல் பதியக் கடித்தார். அப்போதுதான் விட்டேன்.

போலீஸ் வேன் வந்ததும் கூட்டம் கலைந்தது. அக்கா பிளந்த மூங்கில் துண்டொன்றை வைத்து, நான் அடித்தவனின் கையைக் கட்டினார். “ஆஸ்பத்திரிக்கு நீதான் கொண்டு போகணும்” என்றார். ரிக்‌ஷாவில் அவன் தலை என் தோளில் ஆடிக்கொண்டே வந்தது. என் வயதுதான் இருக்கும். வழியில் என் மடியிலேயே வாந்தி எடுத்தான்.

ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர், யார் அடித்தது என்று கேட்டார். அவன் என்னைப் பார்த்தான்.

“கல்லு பட்டுச்சி சார்.”

அவர் போனதும், “ஏன் சொல்லல?” என்றேன்.

“நான் அந்தப் பெருச அட்ச்சேன், நீ என்னை அட்ச்ச. ரெண்டு பேரும் உள்ள போயி இன்னா பண்ணப் போறோம்? போ நைனா, எம்மூஞ்சில முழிக்காத.”

சாயங்காலம் எண்ணூரில் மற்ற இருவரையும் பிடித்தேன். வாத்தியார் கையைத் துண்டில் தொங்கவிட்டிருந்தார். நான் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறேன் என்றேன்.

“போகப்பிடாது” என்றார் அக்கா. “இனிமே கூட்டத்துல நீதான் பேசணும். இன்னைக்குச் செஞ்சத அப்படியே சொல்லணும். சொல்லிட்டு வேணும்னா போ.”

நான்கு ஊர்களில் எனக்கு வாயே வரவில்லை. ஐந்தாவது ஊர் ஆந்திராவில். ஒரு பள்ளி ஆசிரியர் தெலுங்கில் சொல்லச் சொல்ல, எல்லாவற்றையும் சொன்னேன், அந்தக் குரல்கள் பிடித்திருந்ததையும். முன்வரிசையில் ஒரு பெண் எழுந்து ஏதோ கேட்டார்.

“அவர் கை சரியாயிடுச்சான்னு கேக்கறாங்க” என்றார் ஆசிரியர்.

தெரியாது என்றேன். ஆஸ்பத்திரிக்கு ஒரு கார்டு எழுதிக் கேட்கலாமென்றால், அவன் பெயரைக்கூட நான் கேட்டிருக்கவில்லை.