யாரும் தின்னாத ஜப்பான் மீன்

கரங்கான் ஊருக்கு மேலே, எங்கள் தோட்டத்தை ஒட்டிய மலையில் ஓர் அணைக்குளம் உண்டு. வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் ஓடையைத் தடுத்துக் கட்டியது. தொழிலாளர் லயத்துக் குழாய்களுக்கெல்லாம் அங்கிருந்துதான் தண்ணீர் வரும். அதைக் காவல் காத்தவர் எங்கள் பக்கத்து வீட்டு இஞ்ஞாசிமுத்து மாமா. விடிந்ததும் பாராங்கத்தியோடு மலையேறுவார். குழாய் வாயை அடைத்த இலைகளை வாரிப் போட்டுவிட்டு, மாதா பாட்டை ராகம் தப்பிப் பாடிக்கொண்டே இறங்கி வருவார். சட்டையில் பாசி வாசனை அடிக்கும்.

அந்தக் குளத்தில் ஓடையோடு வந்த தெங்காஸ் மீன்கள் இருந்தன. பெரிய செதில், கரும்பச்சை முதுகு. தவக்கால வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் இறைச்சி தொடமாட்டோம். தஞ்சோங் டாவாயிலிருந்து கடல் மீன் லாரி எங்கள் மேட்டுக்கு ஒழுங்காக வராது. அதனால் சிலுவைப்பாதை ஜெபம் முடிந்து, கோவில் கொட்டகையில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் சோற்றுக்கு மாமாதான் தெங்காஸ் பிடித்துக் கொடுப்பார். வெண்டைக்காய் போட்ட அந்தப் புளிக்குழம்பை நினைத்தால் இப்போதும் பசிக்கிறது.

குடும்பங்கள் பெருகின, மீன் போதவில்லை. 1973இல் மாமா சுங்கைப்பட்டாணிக்குப் போய்த் திலாப்பியா மீன் குஞ்சுகள் வாங்கி, தகர டின்னை மடியில் வைத்தபடி பஸ்ஸில் வந்து குளத்தில் விட்டார். ஒரே வருடத்தில் குளம் நிறைந்தது. ஆனால் பாசார் மீன்கடைகளில் அதற்கு 'இக்கான் ஜெப்புன்' என்று பெயர். ஜப்பான் மீன்; ஜப்பான்காரன் ஆண்டபோது வந்து சேர்ந்ததாம். அது தெரிந்ததும் லயத்துப் பெரியவர்கள் தட்டைத் தள்ளிவிட்டார்கள். கோவிலைக் கூட்டும் பிச்சையம்மாளின் கணவர் பழனியாண்டியைச் யுத்தக் காலத்தில் சயாம் மரண ரயில் பாதை வேலைக்கு ஜப்பான்காரன் பிடித்துப் போயிருந்தான். அவர் திரும்பவேயில்லை.

"அவன் பேரு உள்ள மீனு என் சட்டியில ஏறாது" என்றார் பிச்சையம்மாள். அவர் தொடாததை மற்ற வீடுகளும் தொடவில்லை.

தின்ன ஆளில்லாத மீன் பெருகிக்கொண்டே போனது. இரையைப் பறிகொடுத்த தெங்காஸ் குறைந்தது. 1979இல் வலையில் ஒன்றுகூட விழவில்லை.

"ஊருக்கே மீன் குடுக்கப் போறேன்னு இருந்ததையும் தொலைச்சிட்டீங்க" என்று மாமாவின் மனைவி கேதரின் அத்தை இடித்துக் காட்டுவார். மாமாவின் பாட்டு நின்றுபோனது. மேலே ஓடையில் இன்னும் சில தெங்காஸ் இருந்தன. ஜப்பான் மீனைக் குறைத்தால் அவை குளத்துக்கு இறங்கி வரும் என்று நம்பினார். ஆனால் பிடித்த மீனை யார் வாங்குவது? உண்ணும் பொருளைக் குழி தோண்டிப் புதைக்க அவருக்கு மனம் வரவில்லை.

இரண்டு வருடம் கழித்து, ஒரு தவக்கால வெள்ளியன்று, மாமா யாரிடமும் சொல்லாமல் அந்த ஜப்பான் மீனையே பிடித்துக் கோவில் கொட்டகையில் குழம்பு வைத்துவிட்டார். பிச்சையம்மாள் கரண்டியால் கிளறிப் பார்த்தார்.

"இஞ்ஞாசி, இது என்னா மீனு?"

ஓடை மீன் என்று சொல்லியிருக்கலாம். சிலுவைப்பாதை முடிந்த கையோடு பொய் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"அதேதான்க்கா. ஜப்பான் மீனு."

பெரியவர்கள் தட்டைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்கள். அத்தையின் தம்பி டக்ளஸ் மட்டும், "ஞானஸ்நானம் குடுத்து பேர மாத்திடலாம்லா, மச்சான்!" என்றார். சிலர் சிரித்தார்கள். பிச்சையம்மாள் சிரிக்கவில்லை. வெறும் ரசத்தை ஊற்றித் தின்றுவிட்டு எழுந்து போனார். எங்களைப் போன்ற பிள்ளைகள்தான் அந்த மீனைத் தின்றோம். மாமா அன்று சாப்பிடவேயில்லை.

மறுநாள் காலை பிச்சையம்மாள் ஒரு வாளியோடு மாமா வீட்டு வாசலில் நின்றார்.

"அந்தச் சனியன எவ்ளோ பிடிப்ப?"

"எவ்ளோ வேணும்னாலும்க்கா."

"நான் திங்கமாட்டேன். என் வாத்துங்க திங்கும். அதுங்களுக்கு என்னா தெரியும், சப்பான்காரன் காலமா, வெள்ளக்காரன் காலமா? அவிச்சுப் போடுறேன். ஒண்ணு விடாம பிடிச்சிட்டு வா, போ."

மாமா கோப்பியைக்கூடக் குடிக்காமல் வலையை எடுத்துக்கொண்டு மலையேறினார். பிறகு தினமும் வாளி நிறைந்தது, வாத்துகள் கொழுத்தன. ஜப்பான் மீன் முழுதாக ஒழியவில்லை. ஆனாலும் 1984இல் ஒரு மழைக்குப் பின், ஓடை குளத்தில் சேரும் இடத்தில் தெங்காஸ் குஞ்சுகள் கூட்டமாக நின்றன. மாமா மூச்சு வாங்க ஓடி வந்து, கோவிலைக் கூட்டிக்கொண்டிருந்த பிச்சையம்மாளிடம்தான் அதை முதலில் சொன்னார்.