சாரலில் காயப் போட்ட துணி

வேறு ஊரில் லாட்ஜ் மேனேஜர் என்றால் மூட்டைப்பூச்சிக்கும் வராத வெந்நீருக்கும் பதில் சொன்னால் போதும். குற்றாலத்தில் மேகத்துக்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டும். எழுபதுகளின் கடைசியில் அந்தப் பதிலைச் சொல்லித்தான் நான் சோறு தின்றேன். சீசன் ஊரில் வேலை பார்த்து வாங்கிக் கட்டிக்கொண்டவர்களே, கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்காருங்கள். நம் கதைதான்.

தண்ணி விழுதா?

சாரல் தொடங்கிவிட்டால் விடிந்ததும் போன் அடிக்கும். சௌக்கியமா என்ற விசாரிப்பெல்லாம் கிடையாது; எடுத்தவுடன் "தண்ணி விழுதா?" தான். பாவூர்சத்திரத்து வெங்காய வியாபாரி ஒருவருக்கு, "கொட்டுது அண்ணாச்சி, வாங்க" என்று வாய் நிறையச் சொன்னேன். சனிக்கிழமை சொன்னது. அவர் பிள்ளைகுட்டிகளோடு வந்து இறங்கியது செவ்வாய்க்கிழமை. நடுவில் மேகம் மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. அருவிக்குப் போனவர் காய்ந்த துண்டோடு திரும்பி வந்து என் மேஜைமேல் அதைப் போட்டார். "நீரு சொல்லித்தாம்வே வந்தேன். எடும் வெளிய, தண்ணிய எங்க ஒளிச்சு வச்சிருக்கீரு?"

வேன் நிறையத் தேனிலவு

கீழப்பாவூரிலிருந்து ஒரு வேன் வந்து நின்றது. பட்டாளத்தில் இருக்கும் ராமையாவுக்கும் கோமதிக்கும் அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. லீவு முடிகிறது. மூன்று நாள் குற்றாலம், பிறகு தென்காசியில் ரயில், அவன் மட்டும் அப்படியே வடக்கே. புதுசாகக் கட்டிக்கொண்டதுகள் தனியாகப் போனால் நாலு பேர் என்ன சொல்வார்கள்? ஆகவே அப்பா, அம்மா, மாமா, அத்தை, சித்தி எல்லோரும் துணைக்கு ஏறிக்கொண்டார்கள். என்னிடம் மிச்சமிருந்தது இரண்டு அறை. ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என்று மாமாவே பாகம் பிரித்துவிட்டார். அருவிக்குப் போனால் அங்கேயும் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம்.

சாயங்காலம் ராமையா ஈரத்துண்டோடு வந்து நின்றான். "ஸ்டோர் ரூமா இருந்தாலும் போதும் அண்ணாச்சி, ஒரு அரை மணி நேரம்" என்றான். சீசனில் ஸ்டோர் ரூமிலும் ஆள் படுத்திருந்தது. அப்படி என்ன அவசரம் என்று விவஸ்தையில்லாமல் கேட்டுவைத்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். "வீட்லயும் கூட்டம், இங்கனயும் கூட்டம். கோமதி எப்படிப் பேசுவான்னே எனக்கு இன்னும் தெரியாது அண்ணாச்சி."

மேனேஜர் மூளை

எனக்கு மனசு கேட்கவில்லை. "காலையில தலைவலின்னு படுத்துக்கோ. எல்லாரும் ஐந்தருவிக்குப் போயிருவாங்க, பொண்டாட்டி துணைக்கு இருப்பா" என்று சொல்லிக்கொடுத்தேன். நானும் பெரிய குடும்பத்தில் பிறந்தவன்தான், புத்தி வேண்டாமா? தலைவலி என்றதும் மொத்தக் கூட்டமும் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்துவிட்டது. அத்தை சுக்கை இழைத்து நெற்றியில் பத்துப் போட்டாள். அப்பா காலைப் பிடித்துவிட்டார். பாவம், புதுப்பெண் எதற்கு அடைந்து கிடக்க வேண்டும் என்று கோமதியை மட்டும் சித்தியோடு அருவிக்கு அனுப்பிவிட்டார்கள்! தாயார் மகன் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். மாமாவுக்குத்தான் தாங்கவில்லை. "பட்டாளத்துக்காரன் சாரலுக்கே சுருண்டு படுத்தா எல்லையை யாருலே பாத்துக்கிடுவா?"

மொட்டை மாடி

கடைசி நாள் காலையில் தாயார் அதிகாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள். மகனை விட்டுவிட்டு மற்ற ஆண்களை எண்ணெய் தேய்த்துக் குளிக்க அனுப்பினாள். மருமகளை நிறுத்திக்கொண்டு மற்ற பெண்களை ஐந்தருவிக்கு வேன் ஏற்றினாள். தனக்கு முட்டுவலி என்று இருந்துகொண்டாள். மூன்று நாள் ஈரத்துணியையும் மூட்டையாகக் கட்டி மகன் கையில் கொடுத்து, "கோமதி, நீயும் போம்மா. ரெண்டு பேருமா மாடியில காயப் போடுங்க. காஞ்ச பொறவு மடிச்சு எடுத்துட்டு வந்தாப் போதும்" என்றாள்.

மாடியில் ஒரு தகரக் கொட்டகை உண்டு. ஆனால் சீசனில் எங்கள் லாட்ஜில் ஒரு கோவணம்கூடக் காய்ந்ததில்லை. அவசரக்குடுக்கையான நான், "அம்மா, சாரல்ல துணி காயாதே" என்றேன். அவள் மாடிப்படியின் முதல் படியில் வழியை மறித்துக் காலை நீட்டி உட்கார்ந்தாள். மத்தியானம் மாமா வந்து வேட்டி கேட்டபோதும், "இன்னும் காயல" என்று சொல்லி நகராமல் அங்கேயே இருந்தாள். என்னிடம் மட்டும் மெல்லச் சொன்னாள். "காயாதுன்னு தெரிஞ்சுதான் போடச் சொன்னேன் தம்பி. சாயங்காலம் அவன் ரயிலேறுதாம்லா."

சாவி

ரயிலுக்குக் கிளம்பும்போது ராமையா சாவி கொடுக்க வந்தான். வேனில் கோமதி ஜன்னலோரம் உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. எனக்கும்தான். குனிந்து என் காதோடு சொன்னான். "பேச ஆரம்பிச்சா நிறுத்தவே மாட்டேங்கா அண்ணாச்சி."

துணி காயவில்லை என்று மேனேஜரைத் திட்டாமல், சொட்டச் சொட்ட மூட்டையைத் தூக்கிக்கொண்டு என் லாட்ஜைவிட்டுப் போன ஒரே கோஷ்டி அதுதான்.