பெரிய ரோட்டில் அடகுக் கடை கூடாதாம்!

அடகுக் கடையில் வேலைக்கு நிற்பவன் சிரிக்கவே கூடாது. வருகிறவர் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறான் என்று நினைத்துவிடுவார். அப்படி நான் அடக்கி வைத்த சிரிப்புகளில் பெரியது ஒன்றை உங்களுக்குத் தருகிறேன். ஆனால் இப்போது இல்லை. இந்த ஜப்பான் காலத்தில் அரிசிக்கும் உப்புக்கும் வரிசையில் நின்று பழகிய உங்களுக்கு, காத்திருக்க நானா சொல்லித்தர வேண்டும்?

கம்பிக்குப் பின்னால்

லுக்குட்டில் எங்கள் சீன முதலாளி தௌக்கேயின் கடை பெரிய ரோட்டைப் பார்த்தபடி இருக்கிறது. சுற்றியுள்ள தோட்டங்களுக்கெல்லாம் அது ஒன்றுதான். உள்ளே நுழைந்தால் ஆள் உயரப் பலகை மேடை, அதன் மேல் இரும்புக் கம்பி, கம்பிக்குப் பின்னால் இருட்டு. சாமானைக் கையைத் தூக்கி நீட்ட வேண்டும். மேலே இருப்பவரின் முகம் தெரியாது, குரல் மட்டும் வரும். வெட்கத்தோடு வருகிறவர்களுக்கு அது வசதி. எனக்கு அதைவிட வசதி.

தௌக்கே சாப்பிடப் போனதும் அவர் நாற்காலியில் ஏறி, அவரைப் போலவே இருமி, மூக்கை உறிஞ்சி, அவருடைய 'லா'வையும் போட்டு, "இது பழசு லா, துணி செத்துப் போச்சு" என்பேன். தோட்டத்தில் கூலிகளை மேய்க்கும் மண்டோர் ஒருவர் தன் கோட்டுக்காக என்னிடம் வெகுநேரம் மன்றாடினார். வெளியே போனவர் சம்சாரத்திடம் சொன்னது என் காதில் விழுந்தது: "இன்னிக்கு தௌக்கேக்கு உடம்பு சரியில்ல போல. கொஞ்சம் கூடவே குடுத்துட்டாரு!"

குடத்துக்குக் காவல்

அஞ்சலையக்காவின் புருஷனை ஜப்பான்காரர்கள் சயாமில் ரயில் பாதை போடும் வேலைக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அக்கா மரவள்ளி போட்டுப் பிழைக்கிறார். கல்யாணத்துக்கு வந்த பித்தளைக் குடத்தைக் கொண்டுவந்து வைத்தார். தௌக்கே தருவதாகச் சொன்னதில் பாதி போதும் என்றார். அடகுக் கடையில் குறைத்துக் கேட்ட ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை. தௌக்கேக்கும் புரியவில்லை. அக்கா விளக்கினார்: "எங்க தோட்டத்து லயத்துக் கதவுக்குத் தாழ்ப்பாளே இல்ல தௌக்கே, திருட்டுப் பயம். உங்க கதவு நல்ல கனம். அவரு வந்து மீட்டுக்குவாரு, அதுவரைக்கும் இங்கயே இருக்கட்டும்."

உத்தரவு

நகர ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி பொன்னையா ஒரு நாள் தொப்பியோடு வந்து நின்றார். ஊரை ஆளும் ஜப்பான் துவான்களின் கார் போர்ட்டிக்சன் கடலுக்குப் போகும் பாதையாம் இது. அடகுக் கடை கண்ணில் பட்டால் ஊருக்கு அசிங்கமாம். மாதக் கடைசிக்குள் செரம்பானில் குறித்திருக்கும் தெருவுக்குப் போய்விட வேண்டுமாம்.

வட்டி கட்ட வந்திருந்த அஞ்சலையக்காவின் முகம் வெளுத்துவிட்டது. தவணை தவறாமல் வட்டி கட்டாவிட்டால் குடம் ஏலத்துக்குப் போகும். பஸ் இல்லாத காலத்தில் செரம்பானுக்கு எப்படிப் போவது? தௌக்கே கும்பிடாத குறையாகக் கேட்டார். முன்பக்கம் பலகை அடித்து மூடிவிடலாம், சந்துப் பக்கக் கதவால் கடை நடத்தலாம், துவானிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றார். பொன்னையா தொப்பியைச் சரிசெய்துகொண்டார்: "பின்கதவாலை உள்ளுக்கை பூருற இடமும் ஒரு கடையோ? மானமுள்ளவன் ஆரும் வருவானோ?"

பின்கதவு

மரவள்ளி வாங்கத் தௌக்கே சந்தைக்குப் போயிருந்தார். நான் நாற்காலியில். பின்கதவு மெல்லத் திறந்தது. தொப்பியை மூக்குவரை இறக்கி, துண்டில் சுற்றிய சுவர்க் கடிகாரத்தை அணைத்தபடி வந்தவர், சாட்சாத் பொன்னையா! இருமினேன், மூக்கை உறிஞ்சினேன்.

"கிராணியா? முன்கதவு தொறந்துதான் இருக்கு லா."

"வேண்டாம், ரோட்டிலை சனம் பாக்கும். இது நல்லம். பிள்ளைக்குக் காய்ச்சல் தௌக்கே, மருந்து வாங்க வேணும்."

காய்ச்சல் என்றதும் பேரம் பேசாமல் நோட்டுகளை நீட்டினேன். குரலை மட்டும் விடவில்லை.

"அடுத்த மாசம் கடிகாரம் மீட்க செரம்பான் வரணும்."

"செரம்பானோ! அவ்வளவு தூரம் எப்பிடிப் போறது?"

"அப்போ துவான்கிட்ட சொல்லு, பின்கதவு போதும்னு. புள்ள மேல சத்தியம் பண்ணு லா."

"சத்தியமாச் சொல்லுறன். பலகை அடிச்சால் ரோட்டுக்குத் தெரியாது எண்டு நானே விளங்கப்படுத்துறன்."

அந்த நேரம் பார்த்துத்தானா தௌக்கே மரவள்ளிக் கட்டோடு பின்கதவால் வந்து பக்கத்தில் நிற்க வேண்டும்? பொன்னையா தலையை நிமிர்த்தவே இல்லை. "தள்ளி நில்லும் காணும், தௌக்கேயோடை கதைக்கிறன்" என்றார். தௌக்கே இருமினார். என் வாய் சும்மா இருக்குமா? மேலேயிருந்து நானும் இருமினேன்.

பொன்னையா பக்கத்தில் பார்த்தார். மேலே பார்த்தார். மறுபடி பக்கத்தில் பார்த்தார். தொப்பி கழன்று விழுந்தது.

"நீர் இஞ்ச நிக்கிறீர் எண்டால், மேல இருந்து என்னட்டைச் சத்தியம் வாங்கினது ஆர்?"

பொன்னையா சத்தியத்தைக் காப்பாற்றினார், முன்கதவுக்குப் பலகை அடித்தாயிற்று, துவான்கள் காரில் போகும் பெரிய ரோட்டில் இப்போது ஏழைகளே இல்லை, நாங்கள் எல்லோரும் சந்தில் சௌக்கியமாக இருக்கிறோம்.