கல்லீரலை விட்டுட்டு எடுங்க

ஸ்கேன் எடுப்பவர் தெரிந்ததைச் சொல்லக் கூடாது, தெரியாததைச் சொல்லவே கூடாது. எங்கள் தொழிலின் பாடம் மொத்தமும் இவ்வளவுதான். கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து நாளெல்லாம் "எனக்குத் தெரியாதுங்க" என்று சொல்லிப் பிழைக்கிற எவருக்கும் இந்தக் கஷ்டம் புரியும். அதிலும் நான் எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி. சி.டி. ஸ்கேன் டெக்னீஷியன் என்று எத்தனை முறை சொன்னாலும், எங்கள் தெருவில் நான் டாக்டர்தான். புதுக்கோட்டையில் ஒரு ஸ்கேன் சென்டரில், கொரோனா இரண்டாவது அலையின்போது நடந்தவை இவை. ஆட்களின் பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

மார்க்

அந்த மாதங்களில் நெஞ்சு ஸ்கேன் எடுக்க வந்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒன்றே ஒன்று: "ஸ்கோர் எவ்வளவு?" நுரையீரல் எவ்வளவு பாதித்திருக்கிறது என்பதை டாக்டர் இருபத்தைந்துக்கு இத்தனை என்று எழுதுவார். குறைவாக இருந்தால் நல்லது. பள்ளிக்கூடத்துக்கு நேர் எதிரான கணக்கு இது என்பதை ஒவ்வொருவருக்கும் விளக்கியே எனக்குத் தொண்டை கட்டியது.

இலுப்பூரில் கடலை வியாபாரம் செய்யும் ஒருவர் ரிப்போர்ட்டை வாங்கியதும் முகம் வாடி நின்றார். பயப்பட வேண்டியதில்லை, டாக்டரிடம் காட்டுங்கள் என்றேன். அவர் கவலை அது இல்லை. "இருபத்தஞ்சுக்கு ஒம்பதா? படிக்கிற காலத்துலயும் எனக்கு இவ்வளவுதாம்மா வரும்" என்றார்.

பக்கத்து வீடு

நெஞ்சு ஸ்கேன் என்றாலும் நுரையீரலோடு படம் முடிவதில்லை. நுரையீரலின் அடிப்பகுதி வரை எடுக்கும்போது, பக்கத்து வீடு மாதிரி கல்லீரலும் மண்ணீரலும் கொஞ்சம் தெரியும். மருந்து ஏற்றாமல் எடுக்கும் படத்தில் கல்லீரல் மண்ணீரலைவிடச் சற்று வெளுப்பாக இருக்க வேண்டும் என்று படித்திருக்கிறேன். கொரோனாவோடு வந்த பலருக்கும் அது அடர்த்தி குறைந்து கறுத்துத் தெரிந்தது. ஒருவருக்கு இருந்தால் அவர் பாடு. வருகிறவர் பலருக்கும் இருந்தால் மிஷினில்தான் கோளாறு என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. அளவு பார்ப்பதற்கென்று தண்ணீர் நிரப்பிய ஓர் உருளை உண்டு. அதை மேஜையில் வைத்து ஸ்கேன் செய்து பார்த்தேன். அளவு சரியாகத்தான் இருந்தது. அப்படியும் மனம் ஆறவில்லை.

எங்கள் படங்களைத் திருச்சியில் இருந்தபடி பார்த்து ரிப்போர்ட் எழுதும் டாக்டரைப் போனில் கூப்பிட்டேன். அவர் பொறுமையாகவே சொன்னார். கொரோனாவும் கல்லீரலைத் தொடும். சர்க்கரை, உடல் எடை, விழுங்குகிற மாத்திரை, குடி என்று வேறு காரணங்களும் உண்டு. முன்னாடியே இருந்து இப்போதுதான் கண்ணில் பட்டதாகவும் இருக்கலாம். கடைசியில், "மிஷின் நல்லாத்தாம்மா இருக்கு. ஊரு ஈரல்தான் சரியில்ல" என்று போனை வைத்தார்.

கயிறு

திருமயம் பக்கத்திலிருந்து கணேசன் என்கிற மினி லாரி டிரைவரும் அவர் மனைவி பூங்கொடியும் ஆட்டோவில் வந்தார்கள். இருவருக்குமே கொரோனா. இருவருக்கும் ஸ்கேன் எழுதியிருந்தார்கள். "மொதல்ல இவருக்கு எடுங்க" என்று அந்த அக்கா ஒதுங்கி நின்றார். செயின், அரைஞாண் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னேன். கணேசன் மணிக்கட்டில் இருந்த மஞ்சள் கயிற்றிலும் கை வைத்தார். "அதுல கைய வச்சீங்க, தெரியும்!" என்று கத்தினார் அக்கா. இனிக் குடிப்பதில்லை என்று கோயிலில் சத்தியம் செய்து கட்டிய கயிறு. மறுபடி குடித்தால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஆவுடையார்கோவிலில் இருக்கும் அம்மா வீட்டுக்கே போய்விடுவது என்பது அக்காவின் சத்தியம். நூல் கயிறு இருந்தால் படத்துக்கு ஒன்றும் ஆகாது, இருக்கட்டும் என்றேன்.

அக்கா என் பக்கம் வந்தார். "ஏம்மா, இதுல ஈரலும் தெரியுமாமே? குடிச்சிருந்தா காட்டிக் குடுத்துருமா?" டாக்டரிடம்தான் கேட்க வேண்டும் என்று சொல்லி அவரை வெளியே உட்காரவைத்துக் கதவைச் சாத்தினேன். மேஜையில் படுத்திருந்த கணேசன் தலையைத் தூக்கினார். கயிறு கட்டியதிலிருந்து சொட்டுக்கூடத் தொடவில்லையாம். அதற்கு முன்னால் குடித்தது ஊருக்கே தெரியும். பழசு படத்தில் தெரிந்தால் அவள் புதுசு என்பாள், வீட்டில் ஆள் இருக்கமாட்டாள் என்றார். பிறகு கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டார்: "தங்கச்சி, கல்லீரல மட்டும் விட்டுட்டு எடுங்க."

அடி வரைக்கும்

எடுக்கலாம். படம் முடிகிற கோட்டைக் கொஞ்சம் மேலே நகர்த்தினால் கல்லீரல் வராது. ஆனால் நுரையீரலின் அடிப்பகுதி கல்லீரலுக்குப் பின்னால் இறங்கித் தொங்குகிறது. இந்த நோய் பெரும்பாலும் அங்கேதான் முதலில் போய் உட்காரும். அதை விட்டுவிட்டால் அவர் ஸ்கேனுக்கு வந்ததே வீண். முடியாதுங்கண்ணே என்று சொல்லிவிட்டு, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னேன். அடி வரைக்கும் எடுத்தேன். நுரையீரலில் பாதிப்பு குறைவுதான். கல்லீரல் கறுத்திருந்தது.

அடுத்த ஆளுக்காக மேஜையைத் துடைத்து மருந்தடித்து முடிப்பதற்குள் ரிப்போர்ட் வந்துவிட்டது. கல்லீரலின் அடர்த்தி குறைவு, ரத்தப் பரிசோதனை செய்து பார்க்கவும் என்று கடைசி வரியில் இருந்தது. ரிசப்ஷனில் இருக்கும் ராணி அக்கா கேட்டவர்களுக்குத் தமிழில் படித்துச் சொல்வார். அன்றைக்கும் சொன்னார். பூங்கொடி அக்கா அங்கேயே நின்று அம்மாவுக்குப் போன் போட்டார். "யம்மா, நான் புள்ளைகளோட வாரேன். காய்ச்சல் விடட்டும், அதுக்குப் பெறகு ஒரு நாள் இங்கிட்டு இருக்கமாட்டேன்." கணேசன் கையிலிருந்த கயிற்றைக் காட்டி என்னவோ சொல்லப் போனார். அதற்குள் அக்கா சொன்னது: "கட்டுனது கையில இருக்கு, குடிச்சது உள்ள இருக்கு!"

அடுத்த ஆள்

அந்தக் கோபத்தோடேயே அக்கா வந்து மேஜையில் படுத்தார். மூச்சைப் பிடிக்கச் சொன்னால், பிடித்த மூச்சில்கூடக் கோபம் தெரிந்தது. படம் திரையில் வந்தது. கல்லீரல், அவர் கணவருடையதைவிடக் கறுப்பு. திரையில் ஒரு சிறு வட்டம் போட்டால் அந்த இடத்தின் அடர்த்தி எண்ணாக வரும். வட்டத்தை இங்கே வைத்தேன், அங்கே வைத்தேன், மண்ணீரலில் வைத்தேன், திரும்பவும் கல்லீரலில் வைத்தேன். எங்கே வைத்தாலும் அதே கதைதான். சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. சும்மா இருந்தால் ஒரு குடும்பம் பிரிகிறது.

அக்காவின் படத்தைத் திருச்சி டாக்டருக்கு அனுப்பி, போன் போட்டு நிலைமையைச் சொன்னேன். "சார், என்ன காரணம்னு ரெண்டு பேருக்கும் எழுத முடியுமா?" என்றேன். "காரணம் படத்துல இல்லம்மா. குடுங்க, நானே பேசுறேன்" என்றார். இருவரையும் பக்கத்தில் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன். எனக்குச் சொன்னதையே அவர்களுக்கும் சொன்னார். ஐயாவுக்கும் இருக்கிறது, அம்மாவுக்கும் இருக்கிறது, அம்மாவுக்குக் கூடுதலாகவே இருக்கிறது; எதனால் என்று இந்தப் படத்தை வைத்து யாராலும் சொல்ல முடியாது; இருவரும் ரத்தப் பரிசோதனை செய்து உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள். போன் வைத்ததும் கணேசன் சிரிக்கப் போய், இருமல் வந்து, இருமி முடித்து, "அப்ப ஒனக்கும் ஒரு கயிறு கட்டணும்ல?" என்றார்.

அக்கா அவரை முறைத்தார். பிறகு என்னை முறைத்தார். பிறகு மூலைக்குப் போய், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு மறுபடியும் அம்மாவுக்குப் போன் போட்டார். மெதுவாகப் பேசுவதாக அவருக்கு நினைப்பு. "யம்மா, நான் வரல. எனக்கும் ஈரல் கறுப்பாம்... அட, நான் எங்கிட்டுப் போயி குடிச்சேன்? நீயே இப்படிக் கேட்டா ஊரு என்ன கேக்கும்? யார்ட்டயும் சொல்லித் தொலைக்காத!"

கணேசன் அண்ணன் குடித்தாரா இல்லையா என்பது அந்தப் படத்துக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்தக் குடும்பம் பிரியாமல் போனதில் என் பங்கு இருவருக்கும் அடி வரைக்கும் எடுத்தது மட்டும்தான், அதுவும் சரிதானா என்று கேட்டால் டாக்டரைக் கேளுங்கள் என்றுதான் சொல்வேன்.