எழுதாமல் விட்ட தீர்ப்பு

ஓய்வுபெற்று ஆரணிக்குத் திரும்பியதும் என் வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. பையனுக்கு வேலை, பட்டாவில் பெயர் மாற்றம், போலீஸில் ஒரு வார்த்தை. "நான் நீதிபதியா இருந்தவன், புரோக்கர் இல்ல" என்று எல்லாரையும் விரட்டினேன். வந்தவாசியில் முன்சீப்பாகத் தொடங்கி உயர்நீதிமன்றம் வரை போனவன் நான். ஒருவர் வீட்டுக் காபியைக்கூடத் தொட்டதில்லை. அந்தத் திமிர் எனக்கு உண்டு, இருந்துவிட்டுப் போகட்டுமே!

ஒரு நாள் காலையில் வந்த பெண்மணி கும்பிடுகூடப் போடவில்லை. பட்டு நெய்கிறவள், பக்கத்துத் தெரு.

"என் கேசு உங்ககிட்டதான் சார் இருந்துச்சு. எல்லாத்தையும் கேட்டுட்டு, தீர்ப்பு அப்பால சொல்றேன்னீங்க. சொல்லாமலே ரிட்டயர் ஆயிட்டீங்க."

வழக்கு உடனே ஞாபகம் வந்தது. புருஷன் இறந்தபின், அவள் இருந்த பாதி வீட்டிலிருந்து அவளைக் கிளப்பக் கொழுந்தன் போட்ட வழக்கு, மேல்முறையீட்டில் என்னிடம் வந்திருந்தது. அந்தப் பாதியில்தான் அவளுடைய தறி. இரு தரப்பு வாதமும் கேட்டு, தீர்ப்பை ஒத்திவைத்தேன். எழுதுவதற்குள் ஓய்வு வந்துவிட்டது. இனி வேறொரு நீதிபதி முதலிலிருந்து கேட்க வேண்டும்.

"கொழுந்தன் இப்ப சமாதானம் பேசிகினு இருக்கான். பின்னால ஒரு ரூம் தரானாம். அதுல தறி போட எடம் இல்ல. வெள்ளிக்கெழம கையெழுத்து கேக்கறான். நீங்க யாரு பக்கம் எழுத இருந்தீங்க? அத மட்டும் சொல்லுங்க. என் பக்கம்னா, எத்தினி வருஷம் ஆனாலும் நின்னு பாக்கறேன்."

"அதையெல்லாம் சொல்லக் கூடாதும்மா. வழக்கு நிலுவையில இருக்கு. வக்கீலைக் கேளுங்க."

"அவரு இன்னா சொல்வாரு? எழுத வேண்டியவரு நீங்கதானே?"

"முதல்ல வெளிய போங்க!" என்று கத்தினேன்.

"கோர்ட்டுல குந்திகினு இருந்தப்பவும் சொல்லல. வூட்டுல குந்திகினும் சொல்ல மாட்டேன்றீங்க. நல்லா இருங்க!" கேட்டை அறைந்து சாத்திவிட்டுப் போனாள்.

உடம்பெல்லாம் எரிந்தது. யாரிடம் பேசுகிறோம் என்று தெரிய வேண்டாம்? ஆனால் அவள் பக்கம்தான் நான் முடிவு செய்திருந்தேன். வழக்குக் கட்டின் ஓரத்தில் பென்சிலால் குறித்தும் வைத்திருந்தேன். ஒரே ஒரு சாயங்காலம் உட்கார்ந்திருந்தால் எழுதி முடித்திருப்பேன். அந்தக் கடைசி மாதச் சாயங்காலங்களில் நான் என் பிரிவுபசார விழா உரையைத் திருத்தித் திருத்தி எழுதிக்கொண்டிருந்தேன். கைத்தட்டல் எந்த இடத்தில் வரும் என்றுகூட யோசித்து வைத்தேன். வெட்கக்கேடு. எனக்கு வெட்கம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். அந்த வாரம் முழுக்க வீட்டில் எல்லார்மீதும் எரிந்து விழுந்தேன். பக்கத்துத் தெருவுக்கு மட்டும் போகவில்லை. சட்டப்படி அது சரிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை நடைக்குப் போனபோது கால்கள் அங்கே திரும்பிவிட்டன. அவள் வீட்டு வாசலில் குட்டியானை வண்டி நின்றது. தறியைக் கழற்றி, சேத்துப்பட்டிலிருந்து வாங்க வந்தவர்கள் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவள் உள்ளேயிருந்து கயிற்றோடு வந்தாள்.

"உங்க பக்கம்தான் எழுதறதா இருந்தேன்" என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நேத்து கையெழுத்து போட்டாச்சு. வழிய வுட்டு நகருங்க சார், தறி மரம் வெளிய வரணும்."

நகர்ந்து நின்றேன்.