பறந்துபோன முன்சக்கரம்

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவனுக்குச் சின்னப் பொருள் தொலைவது புதிதில்லை. திண்டிவனத்தில் நான் உட்காரும் மேசைக்கு அடியில் எத்தனை ஸ்குரூ கிடக்கிறதோ, யாருக்குத் தெரியும்? ஒன்று விழுந்தால் குனியக்கூட மாட்டேன். டப்பாவிலிருந்து இன்னொன்றை எடுத்துப் போட்டு வேலையை முடித்துவிடுவேன். விழுப்புரத்தில், தங்கச்சி வீட்டு மாடியில் இருக்கிற என் அறையில் தொலைந்த ஒரு சக்கரத்தை மட்டும் அப்படி விட முடியவில்லை.

நான் பிளாஸ்டிக்கில் விமானம் கட்டுகிறவன். பொம்மையா என்று யாராவது கேட்டால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். பொம்மை கடையிலிருந்து வரும்போதே பொம்மையாக வரும். இது பெட்டியில் துண்டு துண்டாக வரும். ஒவ்வொரு பாகமும் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் சின்னக் காம்பால் ஒட்டியிருக்கும். வெட்டி, தேய்த்து, ஒட்டி, பெயின்ட் அடித்து, விமானியின் சீட் பெல்ட்டை மாத்திரை அட்டையின் ஈயத்தாளில் வெட்டி வைத்து, தகட்டு இணைப்புகளில் அழுக்குக்கூட நிஜம் மாதிரி இறக்குவதற்குள் மாதக்கணக்காகிவிடும். கல்யாணம் பண்ணிக்கொள்ளாமல் இதையா கட்டிக்கொண்டு அழுகிறாய் என்று கேட்காத சொந்தக்காரர் கிடையாது. ஆமாம், இதைத்தான்.

அப்போது கட்டிக்கொண்டிருந்தது, நம் விமானப்படை ஓய்வு கொடுத்துவிட்ட பழைய மிக் ஒன்று. நிஜத்தை எழுபத்திரண்டாகப் பிரித்தால் ஒரு பங்கு. மூக்கு நுனியிலிருந்து வால் வரை ஒரு சாண். அதன் முன்சக்கரம் ஒரு சட்டைப் பொத்தானைவிடச் சின்னது.

கடைசிக் காம்பை வெட்டும்போது பாகத்தை விரலால் பொத்திக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் தெறித்துவிடும். இருபது வருஷப் பழக்கம் எனக்கு. அந்த ஞாயிற்றுக்கிழமை பொத்தவில்லை. தங்கச்சி வறுத்த மல்லாட்டையை, வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பேர் அது, ஒரு தட்டில் கொண்டுவந்து மேசையோரத்தில் வைத்துவிட்டு, பாப்பாவைக் கொஞ்சம் பார்த்துக்கொள், துணி காயப்போட்டுவிட்டு வருகிறேன் என்று சொன்னாள். நான் தலையைத் திருப்பி ம் என்றேன். டிக் என்று ஒரு சத்தம். சக்கரம் போய்விட்டது.

சுவரில் பட்டதா, கட்டிலில் பட்டதா, ஒன்றும் தெரியவில்லை. போனில் எங்கள் குரூப்புக்கு 'முன்சக்கரம் பறந்துபோச்சு' என்று ஒரு வரி தட்டிவிட்டேன். என்னைப் போல விமானம் கட்டுகிற பைத்தியங்கள் ஏழெட்டுப் பேர் இருக்கிற குரூப் அது. பிறகு டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்து அடித்து, மேசைக்கு அடியில் நான்கு காலில் ஊர்ந்தேன். அப்படி அடித்தால் தூசிக்குக்கூட நிழல் விழும்.

பாப்பாவுக்கு அப்போது ஒன்றேகால் வயது. எதையாவது பிடித்துக்கொண்டு நடக்கிற பருவம். எனக்குப் பின்னால் எங்கேயோ நின்றிருந்தாள். திடீரென்று இருமினாள். விடாமல் இருமினாள். நான் மேசைக்கு அடியிலிருந்து தலையைக்கூட வெளியே எடுக்கவில்லை. தங்கச்சியைக் கூப்பிட்டு, குழந்தையைக் கீழே தூக்கிக்கொண்டு போ, சக்கரத்தை மிதித்துவிடப் போகிறாள் என்று எரிந்து விழுந்தேன். அவள் ஓடிவந்து தூக்கி முதுகில் தட்டினாள். இருமல் நின்றது. இரண்டு பேரும் கீழே போய்விட்டார்கள். இன்றைக்கும் சாப்பிட உட்கார்ந்தால் சில நாள் அந்த இருமல் காதில் கேட்கிறது.

சக்கரம் கிடைக்கவில்லை. எனக்கா செய்யத் தெரியாது? புது பிரேம்களில் கடைக்காகப் போட்டு வருகிற டம்மி லென்ஸை வட்டமாக வெட்டி, மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, அரத்தால் தேய்த்து, அதே அளவில் ஒரு சக்கரம் செய்தேன். நான்கு சாயங்காலம் பிடித்தது. டயரின் கோடுகூட விட்டுப்போகவில்லை. படத்தைக் குரூப்பில் போட்டபோது, கம்பெனி சக்கரம் இவ்வளவு நேர்த்தியாக இருக்காது என்று ஒருத்தர் எழுதினார். தலைகால் புரியவில்லை எனக்கு. அதோடு பழைய சக்கரத்தை மறந்தே போனேன்.

கீழ்வீட்டில் இருமல் மட்டும் நிற்கவில்லை. சளி என்றார்கள், சிரப் கொடுத்தார்கள். மூச்சில் விசில் மாதிரி சத்தம் வந்ததும் ஆஸ்பத்திரியில் மூக்கில் மாஸ்க் வைத்து மருந்துப் புகை கொடுத்தார்கள். இரண்டு நாள் குறையும், மூன்றாம் நாள் திரும்பிவிடும். காய்ச்சல் வேறு. தங்கச்சி வீட்டுக்காரர் தனியார் பஸ் கண்டக்டர், எதற்கும் அசராதவர். அவரே பேஜாராகிப்போய், அமாவாசைக்கு மேல்மலையனூர் போய் அங்காளம்மன் சந்நிதியில் குழந்தையைப் போட்டு எடுத்துவிட்டு வருவோம் என்றார். சனிக்கிழமை மூன்று பேரும் கிளம்பினார்கள். நான் விமானத்தை முடிக்க வேண்டும் என்று வீட்டிலேயே இருந்துவிட்டேன்.

மறுநாள் ஞாயிறு காலை விமானம் முடிந்தது. மூன்று சக்கரத்தில் கம்பீரமாக நின்றது. படம் எடுத்துக் குரூப்பில் போட்டேன். முன்சக்கரம் தொலைந்தது எப்போது என்று ஒருத்தர் கேட்டார். பழைய செய்தியைத் தேடி மேலே தள்ளினேன். இரண்டு வாரத்துக்கு முன், இதே ஞாயிறு, காலை பதினொன்று பத்து. அதற்கு மறுநாள், நான் திண்டிவனத்தில் இருக்கும்போது தங்கச்சி அனுப்பிய செய்தியும் போனில் இருந்தது. பாப்பாவுக்கு நேற்றிலிருந்து இருமல், வரும்போது சிரப் வாங்கி வா.

நேற்றிலிருந்து.

மேசைக்கு அடியில் நான் கேட்ட இருமல், முதுகில் விழுந்த தட்டு, எல்லாம் வரிசையாக வந்து நின்றன. தரையில் எது கிடந்தாலும் எடுத்து வாயில் போடுகிற பிள்ளை. அதற்கப்புறம் நான் என்ன செய்திருக்க வேண்டும்? அந்த நிமிஷமே போன் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. சக்கரம் அறையிலேயே கிடைத்துவிட்டால் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லையே என்று புத்தி போயிற்று. கட்டிலைப் புரட்டினேன். மெத்தையின் தையலைப் பிரித்தேன். ஜன்னல் இடுக்கில் கம்பியை விட்டுக் குடைந்தேன். புத்தக அலமாரியைச் சுவரிலிருந்து நகர்த்தியபோது போன மாதம் தொலைந்த, விமானத்தின் ஏரியல் கம்பி கிடைத்தது. சக்கரம் கிடைக்கவில்லை. வெளியே வெயில் ஏறிக்கொண்டே போனது. நான் ஒரு கோழை, அதை எழுதிவிடுவதே நல்லது.

கடைசியில் போன் செய்தேன். செஞ்சி தாண்டி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார்கள். பின்னால் குழந்தையின் மூச்சு கேட்டது. சக்கரத்தைப் பாப்பா விழுங்கியிருக்கலாம் என்று தங்கச்சியிடம் சொன்னேன்.

"ரெண்டு வாரமா இத மனசுல வச்சிக்கினு இருந்தியாண்ணா?"

"இல்லம்மா. இன்னிக்கிக் காலைலதான் தோணிச்சி."

"காலைலயா?" என்றாள். "இப்ப மணி இன்னா?"

இரண்டரை என்றேன். போனை வைத்துவிட்டாள்.

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது அவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. மாப்பிள்ளைதான் பார்த்தார். ஒரு பொட்டுப் பிளாஸ்டிக்குக்காகப் பிள்ளையைப் பலி கொடுக்கப் பார்த்தீர்களே என்று அத்தனை பேருக்கு நடுவில் கேட்டார். நேராகக் குழந்தை டாக்டரிடம் போனோம். நான் சொன்னதைக் கேட்டதும் அவர் ஸ்டெதாஸ்கோப்பை வலது பக்கமும் இடது பக்கமும் மாற்றி மாற்றி வெகுநேரம் வைத்துப் பார்த்தார். எக்ஸ்ரே எடுத்தார்கள். பிளாஸ்டிக் எக்ஸ்ரேயில் தெரியாது என்றார். ஆனால் வலது நுரையீரல் இடதைவிட உப்பிக் கறுப்பாக இருந்தது. காற்று உள்ளே போகிறது, வெளியே வர முடியாமல் அடைத்துக்கொண்டிருக்கிறது, எதுவோ இருக்கிறது என்றார். பாண்டிச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். மூச்சுக்குழாய்க்குள் குழல் விட்டு எடுக்க வேண்டும். அதே அளவில் இன்னொரு பொருள் இருந்தால் கையோடு கொண்டுபோங்கள், அதைப் பார்த்து எந்த இடுக்கி பிடிக்கும் என்று அவர்கள் முடிவு பண்ணுவார்கள் என்றும் சொன்னார்.

அதே அளவில் உலகத்தில் ஒன்றுதான் இருந்தது. வண்டியை விரட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். விமானம் மேசைமேல் நின்றிருந்தது. சூப்பர் க்ளூ போட்டு ஒட்டியிருந்தேன், அசையவில்லை. முறுக்கினேன். சக்கரத்தோடு அதைத் தாங்குகிற காலும் முறிந்து வந்தது. மிக் மூக்குக் குப்புற மேசையில் இடித்துக்கொண்டது. எனக்கு அதன்மேல் ஒரு துளிகூட இரக்கம் வரவில்லை. அந்தக் காலைக் கடித்துத் துப்பிவிட்டு, சக்கரத்தை ஸ்குரூ டப்பாவில் போட்டுக்கொண்டு ஓடினேன்.

வாடகைக் கார் பிடித்துப் பாண்டிச்சேரிக்குக் கிளம்பினோம். மூச்சு இழுக்கும்போதெல்லாம் குழந்தையின் விலா எலும்புக்கு அடியில் குழி விழுந்தது. ஒவ்வொரு குழியையும் நான் பார்த்துக்கொண்டு வந்தேன். தங்கச்சி என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள், முந்தானையைக்கூட என்மேல் படாமல் இழுத்து வைத்துக்கொண்டு.

மறுநாள் காலை தியேட்டருக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். போவதற்கு முன் ஒரு பெரிய டாக்டர் என் சக்கரத்தை உள்ளங்கையில் வைத்துப் புரட்டிப் பார்த்தார். வழுவழுவென்று வட்டமாக இருக்கிறது, பிடி கிடைப்பது கஷ்டம், வழுக்கி இன்னொரு பக்கம் போய்விட்டால் ஆபத்து என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். உள்ளே போன சக்கரம் அப்படி இருந்தது கம்பெனிக்காரனின் அச்சால். அதே வழுவழுப்பை இதில் கொண்டுவர நான்கு நாள் ரசித்து ரசித்துத் தேய்த்தவன் நான்தான். மாப்பிள்ளை என் தோளைப் பிடித்து பெஞ்சில் உட்கார வைத்தார். திட்டிய மனுஷனே பிடித்து உட்கார வைக்கிறார் என்றால் என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. கதவு திறக்கும், வேறு யாருடைய பேரையாவது கூப்பிடுவார்கள், மூடிக்கொள்ளும். தங்கச்சி கதவைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வேண்டாத தெய்வமில்லை எனக்கு. இனிமேல் ஒரு விமானம் தொடமாட்டேன் என்றுகூட வேண்டிக்கொண்டேன்.

அந்தப் பெரிய டாக்டர்தான் வெளியே வந்தார். எடுத்தாயிற்று, குழந்தை நன்றாக மூச்சு விடுகிறாள் என்றார். தங்கச்சி அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள். டாக்டர் மூடி போட்ட ஒரு சின்ன பாட்டிலை நீட்டினார்.

"நீங்க சொன்ன சக்கரம் இல்லைங்க," என்றார். "மல்லாட்டை. பாதிப் பருப்பு."

ஊறி உப்பி, பழுப்பேறி, பாட்டிலின் அடியில் கிடந்தது. பிளாஸ்டிக் உள்ளே போயிருக்கிறது என்று நீங்கள் சொன்னதால்தான் உள்ளே பார்த்தோம், இல்லையென்றால் இன்னும் சளிக்குத்தான் மருந்து ஓடிக்கொண்டிருக்கும் என்றார். என் சக்கரத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

மாப்பிள்ளை என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர். பஸ் ஸ்டாண்டில் வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன், மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் மச்சான் என்றார். மல்லாட்டை இல்லாத வீடு நம் பக்கத்தில் எது, குழந்தைக்கு எங்கே கிடைத்ததோ என்று அவரே சொல்லிக்கொண்டு டீ வாங்கப் போனார். எனக்கு உடம்பே லேசாகிவிட்டது. நானில்லை. என் சக்கரமில்லை. ஒரு நிமிஷம், சத்தியமாக ஒரே நிமிஷம்தான், அந்த நிம்மதி இருந்தது.

அப்புறம் மேசையோரத்துத் தட்டு ஞாபகத்துக்கு வந்தது. மேசை ஓரம் பாப்பாவுக்குக் கைக்கு எட்டுகிற உயரம். குழந்தையைப் பார்த்துக்கொள் என்று சொன்னதற்கு ம் என்றவன் நான். யாரும் என்னைக் கேட்கவில்லை, கேட்கப்போவதும் இல்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்த மட்டும் தப்பித்தேன். ஆனால் முந்தின நாள் காலையில் அப்படி மூடிக்கொண்டிருந்தது போதும் என்று இருந்தது. தங்கச்சிக்குப் பக்கத்தில் தரையில் போய் உட்கார்ந்தேன்.

"அந்த மல்லாட்டையும் என் மேசமேல இருந்ததுதாம்மா. நான்தான் பாக்காம உட்டுட்டேன்."

இரண்டு நாளில் முதல்தடவையாக அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"தெரியும்ணா," என்றாள். "பாட்டிலப் பாத்ததுமே தெரிஞ்சிபோச்சி. தட்டக் கொணாந்து அங்க வச்சது யாரு? வழிநெடுக உன்ன மனசுக்குள்ள திட்டிக்கினே வந்தேன்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் என் கையை அழுத்திப் பிடித்தாள்.

"தட்ட அங்க வச்சது நான்தான்னு அவருகிட்ட நானே சொல்லிக்கிறேன். நீ சொன்ன இல்ல, அந்த மாரி. நீ குறுக்க வராத."

நடைவழியின் அந்தக் கோடியில் மாப்பிள்ளை மூன்று டீயைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, சிந்தாமல் பார்த்துப் பார்த்து நடந்து வந்துகொண்டிருந்தார். தங்கச்சி பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.