என் பாத்தி மஞ்சளும் அண்ணன் பாத்திக் கோரையும்

கோரைக்கிழங்கை நகத்தால் கிள்ளினால் கற்பூரமும் சேறும் கலந்ததுபோல ஒரு வாசம் வரும். எனக்குப் பதினொரு வயதான அந்த வருடம் ஆனி தொடங்கித் தை முடியும்வரை என் கையில் அந்த வாசம்தான். யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிப் பக்கத்துக் குடியேற்றத் திட்டத்துக்கு வந்தவர்கள் நாங்கள். வயலுக்கு வாய்க்கால் தண்ணீர் வந்தது. பள்ளிக்கூடமோ ஐந்தாம் வகுப்போடு முடிந்தது. அதற்குமேல் படிப்பதானால் யாழ்ப்பாணத்தில் மாமி வீட்டில்தான் நிற்க வேண்டும். மாமி ஒரு பிள்ளையைத்தான் ஏற்பேன் என்றுவிட்டார். ஒரு வயது மூத்த அண்ணனும் நானும் ஒரே வகுப்பு.

ஐயா கிணற்றடியில் இரண்டு பாத்தி பிரித்து, ஆளுக்கொன்றாக மஞ்சள் நடத் தந்தார். "ஆரின்ரை பாத்தி திறமா வருதோ, அந்தாள் மாமி வீட்டை போய்ப் படிக்கட்டும்" என்றார்.

நான் விட்டேனா? விதைமஞ்சளைச் சாண் கணக்கில் நட வேண்டும். என் சாண் சின்னது என்று ஐயாவின் கையை இழுத்துப் பிடித்து, அந்த அளவுக்கு ஒரு தடி முறித்து வைத்துக்கொண்டேன். நட்டு முடித்துப் பூவரசங்குழை பரப்பினேன். கோரையை மேலால் அறுத்தால் மூன்றாம் நாளே தலை நீட்டும் என்பதால் 'உழவார'த்தால் கிழங்கோடு கிண்டி எடுத்தேன். சங்கக்கடையில் வாங்கிய பசளை உரம் செடியின் அடியில் பட்டால் எரித்துவிடும் என்று அம்மா சொன்னபடி, ஒவ்வொரு முறையும் களை பிடுங்கியபின் நாலு விரல் தள்ளி இட்டு மண் அணைத்தேன். அண்ணன் தன் பங்கு ஆட்டெருவையும் பனையோலைக் 'கடக'த்தோடு சுமந்துவந்து, "நீயே போடு, எனக்கேன்?" என்று என் பாத்தியில் கொட்டினான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் பாத்தியிலோ மாடு மேயலாம், அவ்வளவு கோரை.

தையில் கிண்டினோம். என் பக்கம் இரண்டு கடகம் நிறைந்தது. அவன் பக்கம் சுண்டுவிரல் தடிப்பில் ஒரு கை அள்ளு. யாழ்ப்பாணம் போக எந்தச் சட்டை என்று நான் யோசிக்கத் தொடங்கிவிட்டேன். ஐயா ஒரு கிழங்கை உருட்டிப் பார்த்துவிட்டு அம்மாவிடம் சொன்னார்: "இவளை அனுப்பினா இந்தத் தோட்டத்தை ஆர் பாக்கிறது? அவனாலை மண்ணிலை ஒண்டும் ஏலாது, அவன் போய்ப் படிக்கட்டும்."

"ஐயா, நீங்கள் சொன்னனீங்கள்தானே!"

"ஓம், சொன்னனான். உன்னைப்போல ஆர் செய்வினம், பிள்ளை?"

புகழ்ந்தே கழுத்தை அறுத்தார்.

இன்று அந்தக் கிணறும் தூர்ந்து, காணி பற்றைக்காடாகிவிட்டது. ஐயாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அதிபராக இருந்து ஓய்வுபெற்ற அண்ணன் போன மாதம் வந்து, தேத்தண்ணி குடித்தபடி என் பேரப்பிள்ளைகளுக்கு அந்தக் கதையைச் சொன்னான். "நல்லாத் தோட்டம் செய்யிற பிள்ளையை வீட்டிலை மறிக்கப்போறன் எண்டு ஐயா அம்மாவுக்குச் சொன்னது முதலே என்ரை காதிலை விழுந்திட்டுது. அதுதான் நான் ஒரு புல்லும் பிடுங்கேல்லை. எருவையும் இவளுக்கே குடுத்தனான்!"

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இத்தனை வருடமும் ஐயாவை மட்டும் திட்டித் தீர்த்துக்கொண்டு, இவன் சோதனை எழுதப்போன ஒவ்வொரு முறையும் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தவள் நான்.